சண்டையே இன்னும் முடியல, அதுக்குள்ள உக்ரைன்ல மியூசியத்துக்கு சாமான் சேக்கறது எதுக்கு?

"உடைஞ்ச அலமாரி, யாரோ எழுதின டைரி இதெல்லாம் வெச்சு அனுதாபம் தேடறாங்க"ன்னு கேள்வியில போட்டிருக்கீங்க. நீங்க டிவியில மட்டும் பாத்தவரா இருப்பீங்கன்னு நினைக்கிறேன். நான் கார்கிவ்ல எம்பிபிஎஸ் படிச்சிட்டிருந்தவ, 2022 பிப்ரவரி 24 காலையில அங்கதான் இருந்தேன், அதனால பேசாம கடந்து போக முடியல.

இப்ப சேக்கலைன்னா அப்புறம் சேக்க எதுவும் மிஞ்சாது, அதான் காரணம். நீங்க சொன்ன அலமாரி கீவ் பக்கத்துல போரோதியங்காங்கற ஊர்ல குண்டு விழுந்து பாதி சரிஞ்ச மாடி வீட்டு சுவத்துல தொங்கினது, அது மேல இருந்த பீங்கான் சேவல் கூட உடையல. கீவ்ல இருக்கற மைதான் மியூசியத்துக்காரங்க (2013-14 மக்கள் போராட்டத்த பத்தின மியூசியம்) அத இறக்கி எடுத்து வெக்கலைன்னா கட்டடத்தோட சேத்து அள்ளி குப்பையில போட்டிருப்பாங்க.

டைரி கதை இன்னும் கொடுமை. இஸியம் பக்கத்துல கபிதோலிவ்கான்னு ஒரு கிராமம், அங்க வொலோதிமிர் வகுலென்கோன்னு குழந்தைகளுக்கு எழுதறவர். ரஷ்ய ராணுவம் ஊருக்குள்ள இருந்தப்ப எழுதின டைரிய செர்ரி மரத்தடியில புதைச்சு வெச்சாரு, அப்புறம் அவர பிடிச்சுட்டுப் போய் கொன்னுட்டாங்க. 2022 செப்டம்பர்ல ஊர் திரும்ப உக்ரைன் கைக்கு வந்ததும் விக்டோரியா அமெலினாங்கற எழுத்தாளர் அங்க போய், அவரோட அப்பாவ கேட்டு, தோண்டி எடுத்து கார்கிவ் இலக்கிய மியூசியத்துல ஒப்படைச்சாங்க. அடுத்த வருஷமே க்ராமடோர்ஸ்க் நகரத்துல ஏவுகணை விழுந்து காயம்பட்டு அவங்களும் போயிட்டாங்க, 2023 ஜூலை 1. சண்டை முடியட்டும்னு அவங்க காத்திருந்தா?

உடனே "நீ ஒரு பக்கம் பேசற"ன்னு கமெண்ட் வரும், தெரியும். நான் அரசியல் பேச வரல, வரலாறு படிச்சவளும் இல்ல. ஆனா 2022 கடைசியில ரஷ்யக்காரங்க கெர்சோன் நகரத்த விட்டுப் போகும்போது அங்க ஆர்ட் மியூசியத்துல இருந்து ஆயிரக்கணக்கான படங்கள லாரியில ஏத்தி, அவங்க கையில இருக்கற கிரிமியாவுல சிம்ஃபெரோபோலுக்குக் கொண்டு போனாங்க, அது நடந்த விஷயம். ஒண்ணுமே இல்லாத பொருள்னா எதுக்கு அள்ளிட்டு போகணும்?

என் விஷயத்துக்கு வரேன். ஊருக்குத் திரும்பி கொஞ்ச மாசம் கழிச்சு கூடப் படிச்ச உக்ரைன் பொண்ணு மெசேஜ் பண்ணா, போர்ல மாட்டினவங்க கதைய பதிவு பண்றாங்க, வெளிநாட்டு ஸ்டூடன்ட்ஸும் பேசலாம், பேசறியான்னு. வீடியோ கால்ல ஒரு அம்மா கேட்டாங்க. பயமா இருந்துச்சான்னு ஒரு தடவ கூட கேக்கல. பேஸ்மென்ட்ல எங்க படுத்தீங்க, ஃபோன் எங்க சார்ஜ் போட்டீங்க, தண்ணி யாரு கொண்டு வந்தாங்க, பக்கத்துல யாரு, சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு, இப்படியே போச்சு. மார்ச் 2 இந்திய எம்பசி உடனே கிளம்பச் சொன்னதும் கார்கிவ் பக்கத்துல பிசோசின்ங்கற ஊர் வரைக்கும் நடந்தோம்ல, அந்த ரோட்ட சொல்லும்போதுதான் ஹாஸ்டல் வாசல்ல சாவி குடுக்கற பாட்டி எங்க பைகள்ல ரொட்டி திணிச்சது ஞாபகம் வந்துச்சு. அதுவரைக்கும் நான் அத யார்கிட்டயும் சொன்னதே இல்ல, எங்க அம்மாகிட்ட கூட.

கடைசியா, அப்ப வீட்டுக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ் இருக்கான்னு கேட்டாங்க. என் ஃபோன்ல இல்ல, அம்மா ஒண்ணு விடாம வெச்சிருந்தாங்க. ஆனா குடுக்க மாட்டேன்னுட்டாங்க. "நீ அழுதத ஊரான் எதுக்குடி கேக்கணும்?" ரெண்டு மூணு நாள் பேச்சுவார்த்தையே இல்ல. பாட்டி ரொட்டி குடுத்தத சொன்னப்புறம் அவங்களே ஃபோன நீட்டினாங்க, ஒண்ணு மட்டும் வேணாம்னு எடுத்து வெச்சுக்கிட்டாங்க, அது எதுன்னு நான் கேக்கல.

இங்க ஏர்போர்ட்ல இறங்கினப்ப மைக்க நீட்டினவங்க கேட்டது என்ன தெரியுமா? "நீட்ல மார்க் வரலைன்னுதானே அங்க போனீங்க?" சொந்தக்காரங்களும் அதேதான். கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், ஆனா இன்னும் ஆறல.

உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது அங்கிருந்து வந்திருந்தா வாட்ஸப் சேட்ட தேதியோட எக்ஸ்போர்ட் பண்ணி, ஃபோன் மாத்தறதுக்கு முன்ன ரெண்டு இடத்துல வெக்கச் சொல்லுங்க. யாராவது பதிவுக்குக் கேட்டா காப்பி குடுக்கட்டும், ஒரிஜினல் கையிலயே இருக்கட்டும்.