புழுவெட்டில் புழு இல்லை

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. தலை பின்னும்போது பின்னந்தலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடியே இல்லாமல் வழவழவென்று இருந்தது. அரிப்பு, வலி இல்லை. புழுவெட்டு என்கிறார்கள். இது அபூர்வமான நோயா? எனக்குத் தைராய்டு குறைவு இருக்கிறது. அதனால் வந்திருக்குமா?

பதில்: அபூர்வமெல்லாம் இல்லை அம்மா. நூறு பேரில் ஏறத்தாழ 2 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வருகிறது. பலருக்குச் சிறுவயதிலேயே தொடங்கிவிடும்.

பெயரில்தான் புழு இருக்கிறது, தலையில் இல்லை. கிருமியோடு போராட வேண்டிய வெள்ளை அணுக்கள் ஆள் தெரியாமல் முடியின் வேரைத் தாக்குகின்றன. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. அவள் சீப்பைத் தனியாக வைக்காதீர்கள், அது அவள் மனதைத்தான் காயப்படுத்தும். வேர் அழிவதில்லை என்பதால், ஓரிரு வட்டங்களோடு நின்றால் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் முடி முளைத்துவிடும். திரும்ப வரவும் கூடும்.

உங்கள் தைராய்டு இதை உண்டாக்கவில்லை. ஆனால் தைராய்டு குறைவும் பல நேரம் இதே எதிர்ப்பு சக்திக் குழப்பத்தால்தான் வருகிறது. இப்படிப்பட்ட நோய்கள் ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு வேறொன்று என்று தலைகாட்டும். அதனால் அவளுக்கு டி.எஸ்.எச். எனும் தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒருமுறை செய்துவிடுவது நல்லது. வெண்புள்ளி, சிறுவயதுச் சர்க்கரை நோய், ஆஸ்துமா, தோல் கரப்பான் ஆகியவையும் இதனுடன் சேர்ந்து வருவதுண்டு. அறிகுறி இல்லாமல் எல்லாவற்றுக்கும் பரிசோதனை வேண்டாம். அதிகத் தாகம், மெலிவு, தோலில் வெள்ளைத் திட்டு, மூச்சிரைப்பு இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். நகங்களையும் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் குழிகள் இருந்தால் நோய் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கலாம்.

தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். குழந்தைகளுக்குத் தலையில் வரும் படையும் இப்படி வட்டமாக முடியைக் கொட்டவைக்கும். அதற்கு மருந்தே வேறு. புழுவெட்டுதான் என்றால் இந்த அளவுக்கு ஸ்டீராய்டு களிம்பே போதுமானதாக இருக்கலாம். தலை முழுக்கக் கொட்டுபவர்களுக்கு இப்போது மாத்திரைகள் வந்திருக்கின்றன (அமெரிக்காவில் பெரியவர்களுக்கு 2022-லும், 12 வயது முதல் உள்ளவர்களுக்கு 2023-லும் அனுமதி கிடைத்தது). உங்கள் மகளுக்கு இப்போது அந்தப் பேச்சே தேவையில்லை. பூண்டை அரைத்துத் தேய்க்காதீர்கள். தோல் வெந்து புண்ணாகி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், புதிதாக முளைக்கும் முடி முதலில் வெள்ளையாக வரலாம். நரை என்று பதறிச் சாயம் பூசிவிடாதீர்கள், பெரும்பாலும் அதுவே கறுத்துவிடும்.