சிலுவைப் போருக்குப் போன பிரெஞ்சுப் பிரபுக்களில் நல்ல கவிஞர் யாராவது உண்டா?

உண்டு, ஷாம்பெயின் பிரபு நான்காம் திபோ. 1201இல் அப்பா இறந்த சில நாட்களிலேயே பிறந்தவர். 1226இல் மன்னர் எட்டாம் லூயி தென் பிரான்சின் அவிஞோன் நகரை முற்றுகையிட்டபோது, பிரபுவாக அவருக்குப் படைச்சேவை செய்யக் கடமைப்பட்ட 40 நாள் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். கொஞ்ச நாளில் மன்னர் நோயில் இறக்க, அரசி பிளான்ஷ் மீதுள்ள காதலால் இவர்தான் விஷம் வைத்தார் என்று ஊரே பேசியது (வெறும் வதந்திதான்). 1234இல் மாமா வழியில் நவார் (இன்றைய வட ஸ்பெயினில் இருந்த சிறு நாடு) அரசுரிமை கிடைத்தது.

அப்புறம் 1239 சிலுவைப் போர். இவர் பேச்சைக் கேட்காமல் முந்திப்போன பிரபுக்கள் காசாவில் அடிவாங்கினார்கள், ஆனால் எதிரிகளான முஸ்லிம் ஆட்சியாளர்களுக்குள் இருந்த பங்காளிச் சண்டையால் ஒப்பந்தத்திலேயே நிறைய நிலம் திரும்பக் கிடைத்தது.

கவிதைக்கு ஒரு சாம்பிள்: கன்னியைப் பார்த்து மயங்கி அவள் மடியில் சாய்ந்து, அப்படியே கொல்லப்படும் ஒற்றைக்கொம்புக் குதிரை நான் என்கிறார்.