கான்வா போருக்கு முன் பாபர் பேசியது: கேள்வி பதில்

1527 மார்ச்சில் ஆக்ராவுக்கு மேற்கே கான்வாவில் பாபரும் மேவாரின் ராஜபுத்திர அரசர் ராணா சங்காவும் மோதினார்கள். அதற்கு முன் பாபர் தன் படையிடம் பேசியதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் கீழே. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அப்படி என்னதான் பேசினார்? பள்ளிப் பாடத்தில் "வீர உரை ஆற்றினார்" என்று ஒரு வரியோடு முடித்துவிட்டார்கள்.

பேச்சே சின்னதுதான். உலகத்துக்கு வந்தவன் எவனும் ஒருநாள் போகத்தான் வேண்டும், நிலைப்பவன் இறைவன் ஒருவனே, கெட்ட பெயரோடு வாழ்வதைவிட நல்ல பெயரோடு சாவது மேல், செத்தால் தியாகிகள், ஜெயித்தால் காஜிகள், அதாவது மதத்துக்காகப் போரிட்ட வீரர்கள், ஆகவே உடம்பில் உயிர் இருக்கும்வரை களத்தைவிட்டுத் திரும்ப மாட்டோம் என்று எல்லோரும் குர்ஆன் மேல் சத்தியம் செய்வோம். இவ்வளவுதான். நடுவில் பாரசீகக் கவிதை வரிகளும் உண்டு. பிறகு பெக்குகள் எனப்பட்ட தளபதிகள் முதல் சாதாரண ஆட்கள் வரை குர்ஆனைக் கையில் வாங்கிச் சத்தியம் செய்தார்கள். சினிமாவில் வருவதுபோல் போரன்று காலையில் குதிரை மேல் நின்று முழங்கியது அல்ல, அதற்கு முன்பே முகாமில் நடந்தது.

கேள்வி: இதெல்லாம் பின்னால் யாரோ புலவர் எழுதிச் சேர்த்ததாக இருக்காதா? அந்தக் காலத்து ராஜா பேச்சுகள் எல்லாமே அப்படித்தானே?

பெரும்பாலும் அப்படித்தான், உங்கள் சந்தேகம் நியாயமானது. இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றி 1415-ல் அஜின்கோர்ட்டில் பேசியதாக உலகமே அறிந்த உரை, ஷேக்ஸ்பியர் 1599 வாக்கில் நாடகத்துக்காக எழுதியது. கான்வா விஷயத்தில், பேசியவரே தன் நினைவுக்குறிப்பில், தன் தாய்மொழியான சகதாய் துருக்கியில், எழுதி வைத்திருக்கிறார். பேசியதை அப்படியே சொல்லுக்குச் சொல் எழுதினார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், தன்னைப் பற்றி எழுதும் எவரும் கொஞ்சம் மெருகேற்றத்தான் செய்வார். ஆனால் அதே பகுதியில் மது விலக்கு ஆணையும் வெற்றி அறிக்கையும் முழுசாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவை ஷேக் ஜைன் என்பவர் பாரசீகத்தில் எழுதியவை, பக்கம் பக்கமாக அலங்காரம். பேச்சோ சுருக்கமாக, நேரடியாக இருக்கிறது. எனக்கு அதுவே ஒரு சாட்சி மாதிரி.

இன்னொன்று. சத்தியம் வாங்கிய கதையைச் சொன்ன கையோடு, அது நல்ல திட்டம், கண்டவன் கேட்டவன், நண்பன் எதிரி எல்லோரிடமும் வேலை செய்தது என்று அவரே எழுதுகிறார். உணர்ச்சிவசப்பட்டுப் பேசினேன் என்று சொல்லவில்லை பாருங்கள்.

கேள்வி: பானிபட்டில் ஜெயித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தப் படை ஏன் இவ்வளவு பயந்தது?

பானிபட் 1526 ஏப்ரலில் நடந்தது. அதற்குப் பிறகு வந்த ஆக்ரா வெயில் அந்த ஆட்களுக்குத் தாங்கவில்லை, பாதிப்பேர் மனது காபூலில்தான் இருந்தது. பாபருக்கு மிக நெருக்கமான தளபதி க்வாஜா கலான் அப்போதே மூட்டை கட்டிவிட்டார், போகிற போக்கில் டெல்லியில் ஒரு சுவரில், சிந்துவை நல்லபடியாகத் தாண்டிவிட்டால் இனி ஹிந்துஸ்தானை நினைத்தால் என் முகம் கரியாகட்டும் என்ற பொருளில் கவிதை வேறு எழுதி வைத்துவிட்டுப் போனார். இந்த மனநிலையில் இருந்தவர்கள் முன்னால் சங்கா வந்தார். ஒரு கண் இல்லை, ஒரு கை இல்லை, கால் ஊனம், அத்தனையும் பழைய போர்களில் வந்தவை. பயானா பக்கம் முதல் மோதல்களில் பாபரின் ஆட்கள் அடி வாங்கித் திரும்பி, ராஜபுத்திரர்கள் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்று முகாம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிக்ரியை ஒட்டி அப்துல் அஜீஸ் தலைமையில் போன முன்னணிப் படையும் சிதறியது. ஒருவர் வாயிலிருந்தும் ஆண்மையான சொல்லோ துணிவான யோசனையோ வரவில்லை என்று பாபரே குறைப்படுகிறார். விதிவிலக்காக அவர் பாராட்டுவது தன் அமைச்சர் நிஜாமுதீன் அலி கலீஃபாவை.

கேள்வி: ஜோசியர் கதை உண்மையா?

உண்மை. காபூலிலிருந்து வந்த ஜோசியர் முகம்மது ஷெரீஃப், செவ்வாய் மேற்கே இருக்கிறது, இந்தப் பக்கமிருந்து போய் மோதுபவன் தோற்பான் என்று, பாபரிடம் நேரே சொல்லத் துணிச்சலில்லாமல், போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே கதிகலங்கிப்போன முகாமில் இது போதாதா! போர் முடிந்ததும் வாழ்த்துச் சொல்ல உடனே வந்து நின்றார் என்பதுதான் வேடிக்கை. பாபர் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார், பழைய சேவையை நினைத்து ஒரு லட்சம் கொடுத்தார், என் ராஜ்யத்தில் இருக்காதே என்று அனுப்பிவிட்டார். திட்டு, பணம், நாடுகடத்தல் மூன்றும் ஒரே நாளில் வாங்கிய ஆள் இவர்.

கேள்வி: மதுக்கிண்ணங்களை உடைத்தது பேச்சுக்கு முன்பா, பின்பா?

முன்பு. பிப்ரவரி 25 அன்று. என் பார்வையில் பேச்சைவிட இதுதான் பெரிய விஷயம், ஏனென்றால் பாபர் எப்பேர்ப்பட்ட குடிகாரர் என்பது அந்த முகாமில் எல்லோருக்கும் தெரியும், அவரோடு உட்கார்ந்து குடித்தவர்கள்தானே அவர்கள். தங்க வெள்ளிக் கிண்ணங்களை உடைத்து ஏழைகளுக்கும் பக்கீர்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார். கஜ்னியிலிருந்து ஒட்டக வரிசைகளில் அப்போதுதான் வந்திறங்கிய மதுவில் உப்பைக் கொட்டிக் காடியாக்கச் சொன்னார். மீதியைத் தரையில் ஊற்றிய இடத்தில் கிணறு வெட்டவும், பக்கத்தில் தர்மசாலை கட்டவும் உத்தரவு. அந்த இரவிலும் மறுநாளும் சுமார் 300 பேர் அவரோடு சேர்ந்து குடியை விட்டார்கள். முஸ்லிம்களிடம் வாங்கி வந்த தம்கா என்ற வரியையும் ரத்து செய்தார்.

இத்தனைக்கும் பிறகும் பயம் போகவில்லை. அதனால்தான் பேச்சு. வெறும் பேச்சோடு விட்டிருந்தால் எவ்வளவு தூரம் எடுபட்டிருக்குமோ, கடைசியில் ஒவ்வொருவன் கையிலும் குர்ஆனைக் கொடுத்து வாக்கு வாங்கினார் பாருங்கள், அங்கேதான் ஊருக்குத் திரும்பும் வழி அடைபட்டது.

கேள்வி: அப்படியானால் இது மதப் போர்தானே? ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்?

சுற்றி வளைக்கவில்லை. பேச்சின் மொழி முழுக்க மதமொழிதான், ஜெயித்ததும் காஜி என்ற பட்டத்தையும் சூட்டிக்கொண்டார், வெட்டிய தலைகளால் கோபுரமும் எழுப்பச் சொன்னார். அதோடு, பானிபட்டில் எதிரி இப்ராகிம் லோடி ஒரு முஸ்லிம், அங்கே இந்த மொழிக்கு வேலையில்லை. ஆனால் கான்வாவிலும் சங்காவோடு ஹசன் கான் மேவாத்தி, லோடி வம்சத்து மஹ்மூத் லோடி என்று முஸ்லிம் தலைவர்கள் நின்றார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: 2 லட்சம் பேரை எதிர்த்தாராமே?

வெற்றி அறிக்கையில் இருக்கும் கணக்கு அது. ஒரு லட்சம் வருவாய் உள்ள நிலத்துக்கு 100 குதிரை வீரர்கள் என்ற வழக்கப்படி, ஒவ்வொரு தலைவரின் வருவாயையும் கூட்டிப்போட்டது. களத்தில் தலை எண்ணியது அல்ல. பெரிய படைதான், ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

கேள்வி: ஜெயித்தது பேச்சாலா பீரங்கியாலா?

பீரங்கியும் துப்பாக்கியும், சங்கிலியால் பிணைத்த வண்டி வரிசையும், பக்கவாட்டில் சுற்றி வளைத்த குதிரைப்படையும். பீரங்கி, துப்பாக்கிகளை நடத்திய உஸ்தாத் அலி குலியும் முஸ்தபா ரூமியும் இல்லாமல் இந்த வெற்றி இல்லை. ஆனால் வண்டி வரிசைக்குப் பின்னால் ஆள் நிற்க வேண்டுமே. காலையில் தொடங்கிய சண்டை சாயங்காலம் வரை போனது, இரு ஓரங்களிலும் கடுமையான நெருக்கடி, பிப்ரவரியில் இருந்த மனநிலையோடு அந்தப் படை அவ்வளவு நேரம் நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: சத்தியத்தைக் காப்பாற்றினாரா? குடியை நிஜமாகவே விட்டாரா?

மதுவை விட்டார், மாஜூன் என்ற போதை லேகியத்தை விடவில்லை, அதைச் சாப்பிட்ட நாட்களைப் பின்னாலும் கூச்சமில்லாமல் குறித்து வைக்கிறார். 1529-ல் காபூலில் இருந்த க்வாஜா கலானுக்கு எழுதிய கடிதத்தில், மது ஏக்கம் தாங்காமல் அழும் நிலைக்கு வந்தேன், இப்போது பரவாயில்லை என்கிறார். சுவரில் கவிதை எழுதிவிட்டு ஓடிய அதே க்வாஜா கலானிடம்தான்.