டெனரீஃபில் வெயில் எந்தப் பக்கம்?

கேள்வி: ஜனவரியில் ஒரு வாரம் ஸ்பெயினைச் சேர்ந்த கேனரி தீவுகளுக்குப் போகிறோம். ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு குழந்தைகள். மூட்டுவலி உள்ள அம்மாவும் வருகிறார். முகவர் டெனரீஃப் தீவில் புவெர்த்தோ தெ லா குரூஸ் என்ற ஊரில் ‘கடலோர’ ஓட்டல் சொல்கிறார், விலையும் குறைவு. எரிமலைத் தீவு, மணல் கறுப்பாக இருக்கும் என்கிறார்கள். இதையே எடுக்கலாமா, லான்சரோட்டே தீவுக்கு மாறலாமா?

பதில்: தீவு சரி, ஊர்தான் தப்பு.

புவெர்த்தோ தெ லா குரூஸ் அழகான பழைய ஊர். ஆனால் இருப்பது வடகரையில். டெனரீஃபின் நடுவே தெய்தே எரிமலை 3,715 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் வியாபாரக் காற்று கடல் ஈரத்தைச் சுமந்துவந்து மலைச்சரிவில் ஏறும்போது மேகமாகி, வடபக்கத்திலேயே தங்கிவிடும். தென்கரை மழை மறைவுப் பகுதி. வடக்கே சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் தேடும் அதே மதியத்தில் தெற்கே குடை விரித்துப் படுத்திருப்பார்கள்.

கைபேசியில் ‘டெனரீஃப்’ என்று தட்டி வானிலை பார்ப்பது வீண்வேலை. ஒரு முழுத் தீவுக்கும் ஒரே எண்ணைக் காட்டுகிற செயலியை யார் வடிவமைத்தார்களோ! அந்த எண் கடற்கரையுடையதா, 600 மீட்டருக்கு மேல் பனிமூட்டத்தில் கிடக்கும் வடக்கு விமான நிலையத்துடையதா என்று அது சொல்லாது. ஊர்ப் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

லான்சரோட்டேயின் உச்சியே 671 மீட்டர்தான். மேகத்தைப் பிடித்து நிறுத்த மலை இல்லை, அதனால் வெயில் தாராளம். காற்றைத் தடுக்கவும் மலை இல்லை என்பதை விளம்பரத் தாளில் போட மாட்டார்கள். அதில் வரும் படம் பெரும்பாலும் பப்பகாயோ கடற்கரை. அங்கே போக மண்பாதையில் கார் ஓட்டி, பிறகு சரிவில் இறங்கி நடக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு ஒத்துவராது. பக்கத்துத் தீவான ஃபுவெர்த்தெவென்துராவில் மணல் அருமை, காற்றும் அப்படியே. பட்டம் கட்டி அலைச்சறுக்கு விளையாடுபவர்களுக்குக் கொண்டாட்டம்.

உங்களுக்கு டெனரீஃபின் தென்கரையில் லோஸ் கிறிஸ்தியானோஸ் பொருந்தும். அங்குள்ள லாஸ் விஸ்தாஸ் கடற்கரை, வெளிர் மணல் கொட்டி உருவாக்கியது. அலைத்தடுப்புகள் இருப்பதால் தண்ணீர் அடங்கியிருக்கும், நடைபாதை சமதளம். நடக்க முடியாதவர்களைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் சக்கர நாற்காலி வசதிக்குப் பெயர்போன இடம். தெற்கு விமான நிலையத்திலிருந்து அரை மணிக்குள் போய்ச் சேரலாம். டிக்கெட்டில் டி.எஃப்.எஸ். என்று இருக்கிறதா பாருங்கள்; டி.எஃப்.என். என்றால் வடக்கு.

கறுப்பு மணலைப் பற்றிப் பயம் வேண்டாம். அலை அரைத்த எரிமலைப் பாறைதான் அது. உச்சி வெயிலில் காலைச் சுடும், செருப்பு போதும். கவனிக்க வேண்டியது சரிவை. இந்தத் தீவுகள் ஆழ்கடலிலிருந்து செங்குத்தாக எழுந்தவை. திறந்த கரைகளில் நாலு அடி வைத்ததும் தரை இறங்கிவிடும், அலை கரையிலேயே உடைந்து திரும்பும்போது குழந்தையை இழுக்கும். குளிர்காலப் பேரலைகள் வடமேற்கிலிருந்து வரும். வடகரைகளில் சில இடங்களில் மணலையே வாரிக்கொண்டுபோய்க் கூழாங்கல்லை விட்டுவைக்கும். முகவர் காட்டும் படம் கோடையில் எடுத்ததாக இருக்கலாம். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவுகூட இறங்கக் கூடாது.

வடகரை வேண்டாம் என்றால், கிரான் கனேரியா தீவின் லாஸ் கன்தேராஸ் வடக்கில்தானே இருக்கிறது என்று ஒருவராவது கேட்பார். ஆம், அது விதிவிலக்கு. சுமார் 3 கிலோமீட்டர் நீள நகரக் கடற்கரை. கரைக்கு இணையாகக் கடலுக்குள் ஓடும் லா பார்ரா என்ற பாறைத்திட்டு அலையை உடைத்துவிடுவதால் வடமுனையில் குழந்தைகள் நீந்தலாம். அதே கடற்கரையின் தென்முனையில் பாறைத்திட்டு இல்லை. மணல் கறுத்து, அலை உயர்ந்து, சறுக்குபலகைக்காரர்கள் இடமாகிவிடும். ஜூலை, ஆகஸ்டில் வியாபாரக் காற்று வலுத்து மேகம் நாள்கணக்கில் மூடும். ஜனவரியில் காற்று தளர்ந்து நல்ல வெயிலும் வரும், அட்லான்டிக் மழையும் வரும். ஒரே வாரம் போகிறவர் அந்தச் சூதாட்டத்தில் இறங்க வேண்டாம்.

இனி ‘கடலோரம்’. இங்கே கடலோரம் என்றால் மணல் என்று பொருளல்ல. எரிமலைக் குழம்பு உறைந்த பாறை மேட்டில் நிற்கும் ஓட்டலும் கடலோரம்தான். ஓட்டலின் நட்சத்திரத் தரமும் காப்பாற்றாது: அறையின் பரப்பையும் லிஃப்டையும் பார்த்துத் தருகிறார்கள், கடற்கரைக்கு எத்தனை படி என்று எண்ணுவதில்லை. செயற்கைக்கோள் வரைபடத்தில் ஓட்டலைத் தேடி, மணலுக்கும் வாசலுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தெருக்காட்சியில் அந்த வழியை அடியடியாக நகர்த்தினால் படிக்கட்டு தெரிந்துவிடும்.

போன பிறகு நடைபாதையில் ஒருவர் சிரித்துக்கொண்டே, சுரண்டிப் பார்க்கும் பரிசு அட்டை நீட்டுவார். குடும்பத்தில் ஒருவருக்கு எப்படியும் பெரிய பரிசு விழும். வாங்கப் போனால் மணிக்கணக்கில் உட்காரவைத்து ‘விடுமுறை கிளப்’ விற்பார்கள், அதாவது பல வருட விடுமுறைச் சலுகைக்கு இப்போதே பணம் கட்டவைக்கும் திட்டம். போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி இத்தகைய ஒப்பந்தத்திலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். அந்த 14 நாளுக்குள் முன்பணம் வாங்கவே தடை. ‘இன்றைக்கு மட்டும் இந்த விலை, கார்டைக் கொடுங்கள்’ என்றால் எழுந்து வாருங்கள். சட்டம் இவ்வளவு தெளிவு. ஆனால் புகார் மேசைக்கு வருவதற்குள் கடையின் பெயர்ப்பலகை மாறியிருக்கும். ஏமாந்தவர்களைத் தேடிப்பிடித்து ‘பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்’ என்று வரும் அழைப்பும் அதே ரகம்.

கடைசியாக, ஜனவரியில் கடல்நீர் 19 டிகிரிதான். குழந்தைகள் நீச்சல்குளத்தில்தான் அதிகம் கிடப்பார்கள். குளத்தைச் சூடாக்குகிறார்களா, எத்தனை டிகிரிக்கு, அது குழந்தைகள் குளத்துக்கும் உண்டா என்று ஓட்டலுக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். முகவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.