அமெரிக்கப் புரட்சிக் காலத்து ஆட்களில், அதிகம் பேசப்படாத ஆனால் நீங்கள் மிகவும் மதிக்கும் ஒருவர் யார்?

ஆர்ட்டிமஸ் வார்ட். 1775-இல் வாஷிங்டன் வந்து பொறுப்பேற்கும் வரை, பிரிட்டிஷார் கையிலிருந்த பாஸ்டன் நகரை முற்றுகையிட்ட அமெரிக்கப் படைக்குத் தலைவர் இவர்தான். ஆனால் எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அந்தப் பதவி காரணமில்லை.

மாசச்சூசெட்ஸில் ஷ்ரூஸ்பரி என்ற சிற்றூரில் 1727-இல் பிறந்தவர். ஹார்வர்டில் படித்துவிட்டு ஊருக்கே திரும்பிக் கடை வைத்தார். வரி மதிப்பிடுவது, சில்லறை வழக்குகளை விசாரிப்பது, ஊர் சார்பில் சட்டமன்றம் போவது என்று ஊர் வேலை எல்லாம் அவர் தலையில்தான். அதோடு மிலிஷியா என்ற ஊர்ப்படையில் அதிகாரி. அந்தப் படையில் சம்பளச் சிப்பாய்கள் கிடையாது. உழவரும் கொல்லரும் சொந்தத் துப்பாக்கியோடு பயிற்சிக்கு வருவார்கள். நேற்று தன் கடையில் உப்பு வாங்கியவரை இன்று அணிவகுத்து நிற்கச் சொல்ல வேண்டும். மதிப்பு இல்லாதவன் பேச்சு அங்கே எடுபடாது.

1758-இல் பிரெஞ்சுக்காரர்களின் டைகோண்டெரோகா கோட்டை மீதான படையெடுப்புக்குப் போனவருக்கு வழியிலேயே கல்லடைப்பு. அந்த நோய் கடைசிவரை விடவில்லை.

அப்புறம் லண்டனின் வரிகளை எதிர்த்துப் பேசத் தொடங்கினார். மாசச்சூசெட்ஸின் பிரிட்டிஷ் ஆளுநர் பெர்னார்ட் 1766-இல், ஊர்ப்படை ரெஜிமெண்டில் அவர் வகித்த கர்னல் பதவியைப் பறித்தார். ஊராரோடு சேர்ந்து தேவாலயம் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே அந்தக் கடிதம் வந்ததாகவும், அதை எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டு, பதவி தந்ததைவிடப் பறித்ததுதான் தனக்குப் பெருமை என்று சொல்லி அனுப்பியதாகவும் சொல்வார்கள். 1774-இல் அந்த ரெஜிமெண்ட்காரர்கள் அரசரின் பணியை உதறிவிட்டு, தாங்களாகவே வார்டைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுநர் எடுத்ததை அக்கம்பக்கத்தார் திருப்பிக் கொடுத்த இந்த இடம்தான் எனக்கு அவர் வாழ்க்கையிலேயே பெரியது.

1775 ஏப்ரலில், பாஸ்டன் அருகே லெக்சிங்டனில் புரட்சியின் முதல் சண்டை மூண்ட சேதி வந்தபோது படுக்கையில் கிடந்தார். மறுநாளே குதிரையேறி, பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ் போய்விட்டார். அங்கே குவிந்திருந்த ஊர்ப்படையினர் நினைத்தால் வீட்டுக்குக் கிளம்பிவிடக்கூடியவர்கள். அவர்களைப் பிடித்து நிறுத்தியதே பெரிய காரியம். அந்த ஜூனில் பாஸ்டன் அருகே நடந்த பங்கர் ஹில் போரின்போது தலைமையகத்தை விட்டு நகரவில்லை என்று அவரைக் குறை சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் வருத்தம். வாஷிங்டனோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. ஆனாலும் 1776 மார்ச்சில், பாஸ்டனைப் பார்த்து நிற்கும் டார்செஸ்டர் குன்றுகளில் இரவோடு இரவாக அரண் எழுப்பியது வார்டின் பிரிவுதான். அதன் பிறகுதான் பிரிட்டிஷார் பாஸ்டனைக் காலி செய்தார்கள்.

அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமானால் 1786 செப்டம்பரைப் பாருங்கள். போருக்குப் பின் கடனில் மூழ்கிய உழவர்கள், நிலம் ஜப்தியாவதைத் தடுக்க வூஸ்டர் நீதிமன்றத்தை மறித்தார்கள். அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி வார்ட். அவர் படியேறி வந்தபோது துப்பாக்கி முனைக் கத்திகளை நெஞ்சுக்கு நேரே நீட்டினார்கள். நீட்டியவர்களிலும் பழைய போர்வீரர்கள் இருந்தார்கள். வயது ஐம்பத்தெட்டு, உடம்பில் நோய். ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அங்கேயே நின்று பேசினார். கூட்டம் வழிவிடவில்லை, விசாரணையை வேறு இடத்துக்கு மாற்றி ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. உழவர்கள் பட்ட கஷ்டம் உண்மையானது, அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன். இருந்தாலும் அந்தப் படியில் நின்ற கிழவரை என்னால் மதிக்காமல் இருக்க முடியவில்லை.

பிறகு 1791 முதல் 1795 வரை அமெரிக்கக் காங்கிரஸில் இருந்தார். 1800-இல் ஷ்ரூஸ்பரியிலேயே இறந்தார். அவர் வாழ்ந்த வீடு இன்றும் அந்த ஊரில் இருக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அருங்காட்சியகமாக உள்ளது.