வடமேற்குக் கருங்கடல்: போகாமலே எப்படி ஆராய்வது?

வணக்கம். உக்ரைனில் நீப்பர் ஆற்றின் குறுக்கே இருந்த ககோவ்கா அணை 2023 ஜூன் 6-இல் போருக்கு நடுவே உடைந்தபின் வடமேற்குக் கருங்கடலில் என்ன மாறியது என்பது உங்கள் ஆய்வேடு. கண்ணிவெடி பயத்தால் கடலில் இறங்கி மாதிரி எடுக்க முடியாது, தலைப்பை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்ற வேண்டாம். சென்டினல்-2, சென்டினல்-3 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். அணை உடைந்த அந்த நாளுக்கு முந்தைய, பிந்தைய படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நீப்பர் முகத்துவாரத்திலிருந்து ஒடேசா பக்கம் கலங்கல் நீர் பரவுவதும், அப்புறம் பாசி பெருகுவதும் தெரியும். ஒரு எச்சரிக்கை: கரையோரக் கலங்கலில் உள்ள வண்டலையே பாசியின் பச்சையம் என்று கணக்கிட்டு எண்கள் எகிறிவிடும். கலங்கல் அளவையும் சேர்த்தே பாருங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், எதோடு ஒப்பிடுவது என்பது. 2022-க்கு முன் அந்தக் கடல் நலமாக இருந்தது என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். 1970-களிலிருந்தே டான்யூப் ஆறு கொண்டுவந்த உரச்சத்தால் அடிமட்டத்தில் பிராணவாயு குறைந்து உயிர்கள் மடிந்தன. 1980-களில் கப்பல்கள் நிலைதடுமாறாமலிருக்க அடியில் நிரப்பும் நிலைப்புநீரோடு வந்த சீப்பு ஜெல்லி (மீன்களின் இரையைத் தின்னும், ஜெல்லிமீன் போன்ற உயிரி) பெருகியது, நெத்திலி மீன்வளம் சரிந்தது. இத்தனை காயத்தின் மேல்தான் போர் வந்து விழுந்தது. எனவே 2021-ஐ மட்டும் எடுக்காமல், பல ஆண்டுகளின் ஜூன், ஜூலை சராசரியை அடிப்படையாக வையுங்கள்.

டால்பின் இறப்பைத் தனி ஆய்வாக விடுங்கள்; உடற்கூறு ஆய்வு இல்லாமல் காரணம் சொல்ல முடியாது. கடல்நீரின் உப்புத்தன்மை பற்றிய தரவுக்கு, ஒடேசாவிலுள்ள கடல் உயிரியல் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். தரவு கிடைத்தால், போருக்கு நடுவே மாதிரி எடுத்தவர்களின் பெயரையும் கட்டுரையில் சேருங்கள்.