தொண்டை அடைப்பான் (டிப்தீரியா): வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் மகன் வகுப்பில் ஒரு பையனுக்கு டிப்தீரியா என்கிறார்கள். ஒரே பெஞ்சில் இருந்தவனுக்கும் தொற்றுமா? (மார்த்தாண்டம்)

தொற்றலாம். இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கிற சளித் துளிகளில்தான் இந்தக் கிருமி பரவுகிறது. நோயாளியின் தோல் புண் வழியாகவும் வரலாம். பெரும்பாலும் 2 முதல் 5 நாட்களில் அறிகுறி தெரியும். ஆனால் ஒன்றுமே தெரியாமல் கிருமியைச் சுமந்து பரப்புகிறவர்களும் உண்டு. அதனால் காய்ச்சல் வந்தால் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். தடுப்பூசி அட்டையோடு இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். தொண்டையில் மாதிரி எடுத்து, தடுப்புக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள்.

தொண்டை நோய் எப்படி உயிரை எடுக்கும்? (குளச்சல்)

இரண்டு வழியில். தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படர்ந்து மூச்சுக்குழலை அடைக்கும், கழுத்தும் வீங்கும். இது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. நான் அதிகம் பயப்படுவது மற்றதற்குத்தான். தொண்டையில் இருக்கிற கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது. அது ரத்தத்தில் கலந்து இதயத் தசையையும் நரம்புகளையும் தாக்குகிறது. தொண்டை ஆறிவரும் நேரத்தில், ஓரிரண்டு வாரம் கழித்துக்கூட இதயத்துடிப்பு தடுமாறலாம். குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வரும், பேச்சு மூக்கால் பேசுவதுபோல மாறும். அண்ணத்தின் நரம்பு செயலிழந்ததன் அடையாளம் அது.

இதற்கு நச்சு முறிவு ஊசி இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் மிதக்கும் நச்சைத்தான் அது முறிக்கும், செல்லுக்குள் புகுந்துவிட்டதை ஒன்றும் செய்ய முடியாது. எனவே டிப்தீரியா என்ற சந்தேகம் வலுத்தாலே, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஊசியைத் தொடங்குவார்கள். ஒரு நாள் தள்ளிப்போவதும் பெரிய இழப்பு.

மகளுக்குத் தொண்டையில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் போதுமா? (குலசேகரம்)

போதாது. சாதாரண டான்சில் சீழாகவும் இருக்கலாம், ஆனால் அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். துணியாலோ விரலாலோ சுரண்டாதீர்கள், ரத்தம் கசியும். மூச்சு இழுத்தாலோ கழுத்து வீங்கினாலோ 108-ஐ அழையுங்கள், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரே போய்விடுங்கள்.

கைக்குழந்தையில் எல்லா ஊசியும் போட்டாச்சு. இன்னும் வேண்டுமா? (தக்கலை)

வேண்டும். 6, 10, 14 வாரங்களில் போட்ட ஊசியின் பலம் வருடம் போகப் போகக் குறையும். ஒன்றரை வயது வாக்கிலும் 5 வயதுக்கு மேலும் பூஸ்டர், அப்புறம் 10, 16 வயதில் டெட்டனஸ், டிப்தீரியா இரண்டுக்கும் சேர்ந்த டிடி (Td) ஊசி. இந்தக் கடைசி இரண்டையும்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விட்டுப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்டதை மட்டும் போட்டால் போதும். அரசு சுகாதார நிலையங்களில் இலவசம்.